நாலு மணிக்கு வாசித்த பெருக்கல் விதி

என் தங்கைக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஈப்போக்காரர், மனைவியை இழந்தவர். எங்கள் கிறிஸ்தவச் சபையில் யாருடைய திருமணத்துக்கோ வந்தவர் அவளைப் பார்த்திருக்கிறார். பிறகு ஒவ்வொரு மாதமும் அவருக்குக் கோலாலம்பூரில் ஏதாவது ஒரு வேலை வந்துகொண்டே இருந்தது. கல்யாணச் சேலையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். விருந்தில் பிரியாணி பரிமாறியவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். எங்கள் இருவரில் நான்தான் முதலில் கல்யாணமாகிப் போவேன் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பிறகு இருவருமே போகமாட்டோம் என்று நினைத்தார்கள்.

அவர்களை ஏற்றிக்கொண்டு கார் போனபின், பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் பல வருடங்களாகக் குடியிருந்த அடுக்குமாடி வீட்டுக்கு நான் மட்டும் திரும்பினேன். கதவைப் பூட்டியாச்சா என்று கேட்க ஆள் இல்லாததால் நானே எழுந்துபோய் இரண்டாவது தடவை பார்த்தேன்.

எனக்கு வேலை வீட்டிலேயே. பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகங்கள் போடும் ஒரு பதிப்பகத்துக்குப் பக்கங்களைக் கணினியில் அச்சுக்கோத்துக் கொடுப்பவள் நான். முன்பு ஸ்ரீ கெம்பாங்கானில் அச்சகத்தின் மாடியிலேயே அலுவலகம் இருந்தது. கீழே இயந்திரம் ஓடும் அதிர்வில் மேசைமேல் தேநீர் நடுங்கும். நாங்கள் ஐந்தாறு பெண்கள். மலாய்க்காரப் பெண் ஒருத்தி கொண்டுவரும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால்தான் பத்து மணி ஆனதாகக் கணக்கு. கோவிட் காலத்தில் எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். அது முடிந்ததும் மாடியைச் சேமிப்புக் கிடங்காக மாற்றிவிட்டார்கள். திரும்பக் கூப்பிடவில்லை.

தங்கை இருந்தவரை இது பெரிதாகத் தெரியவில்லை. அவள் போனபிறகுதான் ஒரு நாள் முழுக்கப் பேசாமலேயே இருக்க முடியும் என்று கண்டுபிடித்தேன். ஒரு மாலையில் லிப்டில் யாரோ ஒருவர், “ஆன்டி, எந்த ஃப்ளோர்?” என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு விரலை நீட்டிப் பொத்தானை நானே அழுத்தினேன். வீட்டுக்குள் வந்ததும், குரல் போய்விட்டதோ என்று பயந்து, சுவரைப் பார்த்து ஒன்றிலிருந்து பத்துவரை சத்தமாக எண்ணிப் பார்த்தேன்.

நான் கோக்கும் புத்தகங்களில் எனக்கு நெடுநாள் பழக்கமானது படிவம் ஐந்து மாணவர்களுக்கான அட்-மேத்ஸ், அதாவது கூடுதல் கணிதப் பயிற்சிப் புத்தகம். பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் அதையும் மாற்றிப் போடுவார்கள். மலாயும் ஆங்கிலமும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். எழுதுபவர் கிள்ளானில் இருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். பதிப்பகத்தில் அவரை டீச்சர் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே. வருடக்கணக்கில் அவருடைய கையெழுத்தைத்தான் எனக்குத் தெரியும். பென்சிலில் எழுதுவார். ஏழு என்ற எண்ணின் இடுப்பில் ஒரு கோடு போடுவார். நான் கோத்த பக்கங்கள் அவருக்குப் போகும். ஓரத்தில் பென்சில் திருத்தங்களோடு திரும்பி வரும். நேரில் பார்த்ததில்லை.

அந்தப் புத்தகத்தில் எழுதியிருப்பது எனக்கு ஒன்றுமே புரியாது. நான் படித்தது தமிழ்ப்பள்ளி. தமிழில் என் கணக்கு பின்னத்தோடு நின்றுபோனது. இடைநிலைப்பள்ளியில் கலைப்பிரிவு. அதனால் சமன்பாடுகள் எனக்கு வடிவங்கள்தான். எந்த எழுத்து சாய்வாக இருக்க வேண்டும், பின்னக்கோடு எவ்வளவு நீளம், கூட்டல் குறிக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு இடைவெளி என்று மட்டும் தெரியும். வகையிடல் அத்தியாயத்தில் அடிக்கடி வரும் ஒரு வரி உண்டு. u, பக்கத்தில் dv-யின் கீழே dx, ஒரு கூட்டல் குறி, v, பக்கத்தில் du-வின் கீழே dx. பெருக்கல் விதி. அடிக்கடி வருவதால் அதற்கு ஒரு குறுக்குச் சாவி வைத்திருந்தேன். இரண்டு விசைகளை ஒன்றாக அழுத்தினால் வரி முழுவதும் வந்து விழும். அது என்ன சொல்கிறது என்று யோசித்ததே இல்லை. பூக்கட்டுபவர் பூவின் தாவரப் பெயரை யோசிக்காத மாதிரிதான்.

தங்கை ஈப்போ போன அடுத்த வருடம் புதுப் பதிப்பு வேலை வந்தது. முதல் தொகுதிப் பக்கங்களை அனுப்பினேன். வழக்கத்தைவிடத் தாமதமாகத் திரும்பி வந்தன. ஒரு திருத்தம்கூட இல்லை. கடைசிப் பக்கத்தில் ‘ஓகே’ என்று மட்டும், கோட்டைவிட்டு இறங்கிச் சாய்ந்த எழுத்தில் இருந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் புரட்டிப் பார்த்தபோது, ஒரே பக்கத்தை நான் தவறுதலாக இரண்டு தடவை வைத்து அனுப்பியிருந்தது தெரிந்தது. அதுவும் அப்படியே திரும்பி வந்திருந்தது. கால்புள்ளி இடம் மாறினாலே வட்டம் போடுகிறவர் அவர்.

போன் செய்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஏன் கேட்கிறீர்கள் என்று கோபப்பட்டார். ஒரே பக்கம் இரண்டு தடவை வந்திருக்கிறது என்றேன்.  பிறகு, “நேர்ல வர முடியுமா உங்களுக்கு?” என்று கேட்டார்.

சனிக்கிழமை கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போனேன். ஸ்டேஷனிலிருந்து டாக்சி. பழைய தாமான் குடியிருப்பில் வரிசை வீடு. வெளிக்கதவுக் கம்பியில் யாரோ கட்டிவிட்டுப் போன விளம்பரத் தாள்கள் பிரிக்கப்படாமல் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. டீச்சர் கதவைத் திறந்தார். உயரமான பெண்மணி. கையெழுத்தைப் பார்த்துக் குட்டையானவராக ஏன் நினைத்திருந்தேன் என்று தெரியவில்லை. என்னை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு பேசினார். முதலில் அது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

உட்காரவைத்துவிட்டுச் சொன்னார். “நடுவுல ஒரு கறை மாதிரி இருக்கும்மா. சுத்தி எல்லாம் தெரியுது. இப்ப உங்க தோடு தெரியுது. முகம் தெரியல.”

விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வருகிறதாம். ஊசி போட்டுப் பார்த்தார்களாம். நடக்கலாம், சமைக்கலாம், யார் வருகிறார்கள் என்று நடையை வைத்துச் சொல்லிவிடலாம். எழுத்து மட்டும் முடியாது. எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அதுவே மறைந்துவிடும். இந்தப் பதிப்பின் கையெழுத்துப் பிரதியை மனப்பாடத்திலிருந்து, பெரிய தாளில், கோடு தெரியாமல் எழுதியிருக்கிறார். அதனால்தான் எழுத்து அப்படி ஏறி இறங்கியிருந்தது. நான் அவருக்கு வயதாகிறது என்று நினைத்திருந்தேன்.

பதிப்பகத்தில் சொல்லிவிடலாமே என்றேன்.

“சொன்னா வேற ஆள வெப்பாங்க லா. இது ஒண்ணுதான் இப்ப எங்கிட்ட இருக்கு.” அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். கணவர் இறந்து பல வருடம். ஒரே மகன் மெல்பர்னில்.

நான் ஒன்றும் யோசிக்காமல், நானே வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். அவர் சொல்வதை நானே திருத்திக்கொள்ளலாம். பக்கங்கள் இங்கும் அங்கும் போய் வரவே வேண்டாம். பையிலிருந்து முதல் பக்கத்தை எடுத்து அங்கேயே ஆரம்பித்தேன். u, d, v, d, x, பிளஸ், v, d, u, d, x என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் கையைத் தூக்கினார்.

“நீங்க எழுத்த வாசிக்கிறீங்க. கணக்க வாசிக்கல.”

“எனக்குக் கணக்குத் தெரியாதே, டீச்சர்.”

அவர் முகத்தைத் திருப்பி என் தோட்டைப் பார்த்தார். “இத்தன வருசமா இந்தப் புக்க நீங்கதானே பண்றீங்க?” என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. வியந்த மாதிரியும் இல்லை. தேநீர் போட எழுந்து போனார். போகும்போது கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே போனார்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு நான் போன் செய்வேன். ஞாயிறு மட்டும் கிடையாது. நான் கணினி முன்னால், அவர் அங்கே வாசலறையில் பிரம்பு நாற்காலியில். பின்னால் மின்விசிறி கிறீச்சிடும் சத்தம் எனக்குக் கேட்கும். என் ஜன்னல் வழியாக மோனோரயில் வளைவில் திரும்பும் சத்தம் அவருக்குக் கேட்கும். முதல் வாரம் மிகவும் கஷ்டப்பட்டோம். ஒரு கணக்கில் அடைப்புக்குறிக்குள் 2x கழித்தல் 1. அடைப்புக்கு வெளியே மேலே சின்னதாக மூன்று. நான் டூ எக்ஸ் மைனஸ் ஒன் கியூப் என்று வாசித்தேன். ஒன்றுக்கு மட்டுமா மூன்று, முழுசுக்குமா என்று கேட்டார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டது. இல்லை என்று பொறுமையாக விளக்கினார். பிறகு அடைப்பு திறக்கும்போது ‘திற’ என்றும் மூடும்போது ‘மூடு’ என்றும் சொல்ல முடிவு செய்தோம். பக்கத்து வீட்டில் யாராவது கேட்டிருந்தால் நான் யாரிடமோ கதவைத் திறந்து மூடச் சொல்லிக்கொண்டிருப்பதாக நினைத்திருப்பார்கள்.

கணக்கைச் சரியாக வாசிக்க வேண்டுமென்றால் எது எதோடு சேர்ந்தது என்று தெரிந்தாக வேண்டும். அதனால் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். வகையிடல் என்றால் என்ன என்று ஒரு நாள். x கொஞ்சம் நகர்ந்தால் y எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பார்ப்பது, அவ்வளவுதான் என்றார். x-இன் வர்க்கத்தை வகையிட்டால் ஏன் 2x என்று இன்னொரு நாள். சில விடைகள் புரிந்தன; பலவற்றைப் புரிந்த மாதிரி வைத்துக்கொண்டேன்.

பெருக்கல் விதிக்கு வந்தபோது நான் நின்றுவிட்டேன். இரண்டு உறுப்புகளைப் பெருக்கியிருக்கிறது, ஒவ்வொன்றையும் தனித்தனியே வகையிட்டு, வந்த இரண்டையும் பெருக்க வேண்டியதுதானே, இந்தக் கூட்டல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

“எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான் பண்ணுவாங்க. சரி, x-ஐ x-ஆல பெருக்குங்க.”

x வர்க்கம்.

“வகையிட்டா?”

2x. அது தெரியும்.

“இப்ப நீங்க சொன்ன மாதிரி பண்ணுங்க. x-ஐ வகையிட்டா ஒண்ணு. இன்னொரு x-க்கும் ஒண்ணு. பெருக்குனா?”

ஒன்று. வரவேண்டியது 2x.  இத்தனை வருடமாக அந்தக் கூட்டல் குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விட்டுக்கொண்டிருந்தவள் நான்.

தவறு என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஏன் கூட்டல் என்று இன்னும் தெரியவில்லையே என்றேன். அவர் ஒரு செவ்வகத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னார். அகலம் u, உயரம் v. இரண்டும் கொஞ்சம் வளர்கின்றன. பரப்பு எவ்வளவு கூடுகிறது என்று கேட்டார். அவர் அங்கே காற்றில் விரலால் வரைந்துகாட்டியிருப்பார். எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் முன்னால் திரையில் ஒரு படப்பெட்டி இருந்தது. புத்தகத்தில் படம் வைக்க நாங்கள் போடும் வெறும் செவ்வகம். தினமும் நூறு தடவை இழுத்துப் பெரிதாக்குகிற சாமான். அதை மவுஸால் பிடித்தேன்.

வலது ஓரத்தைக் கொஞ்சம் இழுத்தேன். பக்கத்தில் ஒரு மெல்லிய பட்டை கூடியது. அதன் உயரம் பழைய உயரமேதான். பிறகு மேல் ஓரத்தை இழுத்தேன். மேலே இன்னொரு பட்டை. அதன் அகலம் பழைய அகலம். ஒரு பட்டையின் பரப்பு, v-யை u கூடிய அளவால் பெருக்கியது. மற்றொன்றின் பரப்பு, u-வை v கூடிய அளவால் பெருக்கியது. இரண்டு பட்டைகள் இரண்டு வேறு இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கூட்டத்தானே முடியும்?

“டீச்சர், ரெண்டு பட்டை” என்றேன்.

“ஆமா. ரெண்டு பட்டை.”

“மேல, மூலையில குட்டியா ஒண்ணு இருக்கே. அது?”

அவர் குரல் மாறிவிட்டது. “அத பார்த்துட்டீங்களா” என்றார். வகுப்பில் யாரும் தானாகக் கேட்டதில்லையாம். பட்டை எவ்வளவு மெல்லியதாகிறதோ, மூலை அதைவிட வேகமாகச் சிறுத்துவிடும். பட்டை நூறில் ஒரு பங்கு என்றால் மூலை நூறில் ஒன்றில் மறுபடி நூறில் ஒன்று. கடைசியில் கணக்கில் வராது, விட்டுவிடுவோம் என்றார். நான் பெட்டியைச் சிறிது சிறிதாக இழுத்துப் பார்த்தேன். பட்டைகள் கோடுகள் மாதிரி ஆனபோது மூலை ஒரே ஒரு புள்ளியாக இருந்தது.

போனை வைத்தபிறகு என்னால் உட்கார முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். வேலை முடிந்து ஆட்கள் ஸ்டேஷன் பக்கம் போகிற நேரம். பூக்கடைகளில் மாலைகளை நனைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். துணிக்கடை ஒலிபெருக்கியில் பழைய பாட்டு. வழக்கமாக வடை வாங்கும் கடையில் நின்றேன். கடைக்கார அண்ணன், “என்னக்கா, இன்னிக்கு சிரிச்ச முகமா இருக்கீங்க?” என்று கேட்டார். சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். எப்படி ஆரம்பிப்பது? அவருக்குப் பின்னால் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி வடையை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

கோயிலைத் தாண்டி, மாதா கோயிலைத் தாண்டி, எங்கள் சபை வரைக்கும் போய்விட்டேன். கேட் பூட்டியிருந்தது. துக்கம் வந்தால் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். சபையில் ஜெபக்குழுவே இருக்கிறது. உடம்புக்கு முடியாவிட்டால் கஞ்சி கொண்டுவருவார்கள். ஆனால் ஒரு விஷயம் புரிந்துவிட்டது என்று போய்ச் சொல்ல யாருமில்லை. அந்தத் தனிமை எனக்குப் புதிது. அதுவரை இருந்ததைவிடக் கொஞ்சம் கூர்மையாக இருந்தது.

அங்கேயே நின்று தங்கைக்குப் போன் செய்தேன். செவ்வகம், பட்டை, மூலை என்று படபடவென்று சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பின்னால் அவள் கணவர் மீனைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். “நல்லதுதான்க்கா. நீ சாப்பிட்டியா?” என்றாள். சாப்பிட்டேன் என்றேன். வடை இன்னும் கையில் சூடாக இருந்தது.

மறுநாள் டீச்சரே கேட்டார். அந்தச் செவ்வகத்தைப் புத்தகத்தில் போட முடியுமா என்று. இத்தனை பதிப்புகளில் போடத் தோன்றவில்லையாம். விதியைக் கட்டம் கட்டிக் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிட்டாராம். நான் அழகாக வரைந்தேன். இரண்டு பட்டைகளுக்கும் வெவ்வேறு சாம்பல் நிறம். மூலையை வெள்ளையாகவே விட்டேன். அரைப்பக்கம் பிடித்தது. மேனேஜருக்கு அனுப்பினேன். அவர் நல்ல மனிதர்தான். பக்க எண்ணிக்கை ஏற்கெனவே முடிவானது, பரீட்சையில் படம் கேட்கமாட்டார்கள், அந்த இடத்தில் இன்னும் சில கேள்விகள் போடலாம் என்று பதில் வந்தது. நான் மறுபடி கேட்டேன். வேண்டாம் என்றார்.

டீச்சரிடம் சொன்னேன்.  “சரி. அடுத்த பக்கம் வாசிங்க” என்றார்.

இப்படியே மழைக்காலம் முழுவதும் போனது. அத்தியாயங்களுக்கு நடுவில் வேறு பேச்சும் வந்தது. அவருக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும், ஆனால் முள் பார்க்க முடியாததால் விட்டுவிட்டார். ஒரு காலத்தில் பள்ளிக்கூட பேட்மின்டன் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தாராம். நான் என் தங்கையைப் பற்றிச் சொன்னேன். பொறாமையா என்று நேராகக் கேட்டார். இல்லை என்றேன். பிறகு, கொஞ்சம் என்றேன்.  அடுத்த கேள்விக்குப் போகலாம் என்றார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

புத்தகம் முடியப்போகிற சமயத்தில் மகன் வந்திருக்கிறான் என்றார். வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவை மெல்பர்னுக்குக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறான். கண்ணைக் காரணம் காட்டுகிறான். அதற்கு மறுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. விடைப்பகுதியைக் கடைசியாக வாசித்தோம். அது வெறும் விடைகள். கேள்வி எண், விடை, கேள்வி எண், விடை. அன்று அவர் எதையும் நிறுத்தவில்லை. கடைசி விடை வந்ததும், “சரியா இருக்கு” என்றார்.

நான் பழக்கத்தில், “அப்ப நாளைக்கு நாலு மணிக்குக் கூப்பிடுறேன், டீச்சர்” என்று சொல்லிவிட்டேன்.

 பிறகு அவர், “உடம்பப் பார்த்துக்கங்கம்மா” என்று சொல்லி வைத்தார். வழியனுப்பக் கிள்ளானுக்குப் போயிருக்கலாம். சாமான் கட்டுகிற வீட்டில் அவர் மகனுக்கு நான் யாரென்று சொல்வது என்ற கூச்சத்தில் போகவில்லை.

அதற்குப் பிறகு நாலு மணிதான் நாளில் மோசமான நேரமாக இருந்தது. காலை வேலையில் போய்விடும். இருட்டினால் தொலைக்காட்சி. நாலு மணிக்கு மட்டும் தொண்டை தானாகத் தயாராகும். அப்போது ஒரு வரலாற்றுப் புத்தகம் கோத்துக்கொண்டிருந்தேன். அதைச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். நன்றாக இல்லை. கேட்பவர் நிறுத்தாத வாசிப்பு சலித்துப்போகிறது.

ஒரு நாள், அச்சாகி வந்த அட்-மேத்ஸ் புத்தகத்தை எடுத்து, வகையிடல் பயிற்சியின் முதல் கணக்கிலிருந்து நானே போட ஆரம்பித்தேன். x வர்க்கத்தை அடைப்புக்குள் இருக்கும் 3x கூட்டல் 1-ஆல் பெருக்கியது. முதலில் ஒன்றை அசையாமல் வைத்து மற்றதை வகையிட்டேன். பிறகு இதை அசையாமல் வைத்து அதை. கூட்டினேன். 9x வர்க்கம் கூட்டல் 2x. பின்னால் விடையைப் பார்த்தேன். அதே. நானே கோத்த விடைப்பகுதிதான், ஆனாலும் விரலை வைத்து இரண்டு தடவை சரிபார்த்தேன். முதலில் பெருக்கிவிட்டுப் பிறகு வகையிட்டும் பார்த்தேன். அப்போதும் அதே வந்தது.

தினம் ஒன்று, சில நாள் இரண்டு. பயிற்சியின் கடைசிப் பகுதிக்கு வந்தபோது ஒரு கணக்கு. x கூட்டல் 2, அதோடு பெருக்கியது 2x கழித்தல் 1 முழுவதுக்கும் மேல் மூன்று. ‘திற, மூடு’ என்று நாங்கள் சண்டை போட்ட அதே மாதிரிக் கணக்கு. போட்டேன். எனக்கு இரண்டு உறுப்புகள் கூட்டலாக வந்தன: 2x கழித்தல் 1-இன் மும்மடி, அதோடு ஆறு பெருக்கல் (x கூட்டல் 2) பெருக்கல் (2x கழித்தல் 1)-இன் வர்க்கம். பின்னால் பார்த்தால் விடையில் கூட்டலே வெளியில் இல்லை. 2x கழித்தல் 1-இன் வர்க்கம், பக்கத்தில் 8x கூட்டல் 11. இந்த எட்டும் பதினொன்றும் எங்கிருந்து வந்தன?

மறுபடி போட்டேன். அதேதான் வந்தது. விடையைத் தவறாகக் கோத்துவிட்டேனோ என்று பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன். கையெழுத்துப் பிரதியிலும் 8x கூட்டல் 11தான். துணி காயப்போடும்போது அதையே நினைத்தேன். ஞாயிறு ஆராதனையில் பிரசங்கத்தின்போது அறிக்கைத்தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, கணக்கா என்று கண்ணால் கேட்டார். நான் மடித்துவிட்டேன். மெல்பர்னுக்குக் கேட்டிருக்கலாம். அங்கே புது இடத்தில் தடுமாறிக்கொண்டிருப்பவரிடம் இதைப் போய்க் கேட்பதா என்று விட்டுவிட்டேன்.

செவ்வாயோ புதனோ, கிள்ளானுக்குப் போகிற கொமுட்டரில் உட்கார்ந்திருந்தேன். சபையில் பழக்கமான ஒருவரை அங்கே ஆஸ்பத்திரியில் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். ரயில் வழக்கம்போல நடுவில் காரணமில்லாமல் நின்றது. வெளியே வாழை மரங்களும் ஒரு பட்டறையின் பின்சுவரும். பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தேன். என் இரண்டு உறுப்புகளிலும் 2x கழித்தல் 1-இன் வர்க்கம் ஒளிந்திருந்தது. அதைப் பொதுவாக வெளியே எடுத்தால் உள்ளே மிஞ்சுவது 2x கழித்தல் 1-உம், ஆறு மடங்கு x கூட்டல் 2-உம். இரண்டு x-உம் ஆறு x-உம் எட்டு x. பன்னிரண்டில் ஒன்று போனால் பதினொன்று.

என் விடை முதலிலிருந்தே சரி. அவர் அதை வேறு மாதிரி மடித்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

ரயில் நகர்ந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்ற தவிப்பு அவ்வளவு இல்லை. இருந்தது, ஆனால் தாங்கக்கூடியதாக இருந்தது. ஸ்டேஷனில் இறங்கியதும் நடைபாதை ஓரமாக நின்று டீச்சருக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினேன். கணக்கை முழுவதும் வாசித்து, ‘திற, மூடு’ சொல்லி, என் விடையையும் புத்தக விடையையும் சொல்லி, இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்துவிட்டேன் என்றேன்.

அன்று பதில் இல்லை. அந்த வாரமும் இல்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது போனில் அவருடைய பதிவு வந்திருந்தது. ஓரமாகப் போய்க் காதில் வைத்துக் கேட்டேன்.

“ரெண்டும் சரிம்மா. பொதுவா வெளிய எடுத்தா அடுத்த கேள்விக்கு வசதி. எடுக்காட்டியும் தப்பில்ல. புக்குல ரெண்டையும் போட்டிருக்கணும். எனக்குத் தோணல.” பிறகு கொஞ்சம் இடைவெளி. “இந்த மெசேஜ அனுப்பவே பேத்திதான் சொல்லிக் குடுத்தா. இங்க மத்தியானம் எல்லாரும் வேலைக்கு, ஸ்கூலுக்குப் போயிடுறாங்க. நான் மட்டும்தான்.”

வேறொன்றும் சொல்லவில்லை. கூப்பிடு என்றும் சொல்லவில்லை. அங்கே மத்தியானம் என்றால் இங்கே என்ன மணி என்று வீட்டுக்கு நடந்து வரும்போது கணக்குப் பார்த்தேன்.

இப்போது வாரத்தில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கூப்பிடுகிறேன். திருத்துவதற்கு எதுவும் இல்லாததால் ஒரு கணக்கை வாசிப்பேன். அவர் அங்கே மனதிலேயே போடுவார், நான் இங்கே தாளில் போடுவேன். அவர்தான் முதலில் முடிப்பார். சில வாரம் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்கமாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார், அல்லது போனை எங்கே வைத்தோம் என்று தெரிந்திருக்காது. பதிப்பகத்திலிருந்தும் வேலை குறைந்துகொண்டு வருகிறது. அடுத்த பதிப்பை வேறு யாரோ எழுதப்போகிறார் என்று மேனேஜர் சொன்னார். கோப்பது நான்தானா என்று நான் கேட்கவில்லை.

நான் வகுத்தல் விதிக்கு வந்திருக்கிறேன். அதில் நடுவில் கழித்தல் குறி. எது முன்னால், எது பின்னால் என்பது முக்கியம். மாற்றிப் போட்டால் விடையின் குறியே மாறிவிடுகிறது. நான் ஒவ்வொரு தடவையும் மாற்றித்தான் போடுகிறேன். அதற்கும் ஒரு படம் இருக்கிறதா என்று அவரிடம் கேட்க வேண்டும். போன வாரம் எடுக்கவில்லை. நாளை மறுநாள் மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பேன்.